பிரின்ஸ்டன் ஜங்ஷனில் அசையாமல் நின்றவர்கள்

சேனாபதி பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் வெள்ளைப் புகையாகி மறைந்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பது அக்டோபரில், ஒரு வியாழக்கிழமை காலை. அந்த வாரம் வெஸ்ட் வின்ட்சர் இந்தியக் கடையில் முருங்கைக்காய் பவுண்டு நாலு டாலருக்கு விற்றது. நியூயார்க் ரயிலுக்கு வழக்கமான கூட்டம் நின்றிருந்தது. முதுகில் லேப்டாப் பை, கழுத்தில் ஆபீஸ் அட்டை, கையில் மனைவி சாரதா கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பை சகிதமாக சேனாபதி, பக்கத்தில் நின்ற மணியனிடம் வீட்டுக் கடன் வட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "ரீஃபைனான்ஸ் பண்றதுன்னா இப்பவே பண்ணிடணும் மணியன், ஏன்னா..." என்றார். ஏன் என்று சொல்லவில்லை. கடுகு தாளிக்கும்போது எழுகிற அளவுக்குத்தான் புகை வந்தது என்று மணியன் பின்னால் சொன்னார். மரியாதைக்காக அவர் வாக்கியம் முடியட்டும் என்று கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் திரும்பினார். ஆள் நின்ற இடத்தில் பிளாட்பாரம் இருந்தது. அப்போது ரயில் வந்துவிட்டது. வந்தால் ஏறுவதுதானே வழக்கம், எல்லோரும் ஏறினார்கள். மணியனும் ஏறி, நியூ பிரன்ஸ்விக் தாண்டியதும்தான் நடந்தது உறைத்து, சாரதாவுக்கு போன் செய்தார்.

போலீஸ்காரர்கள் நல்ல மாதிரியாக நடந்துகொண்டார்கள். ஸ்டேஷன் கேமராவில் பதிவானதை அவளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு கணம் சேனாபதி வாயைத் திறந்தபடி நிற்கிறார், அடுத்த கணம் புகை, அதற்கடுத்த கணம் புகையும் இல்லை. இது என்ன வகைக் குற்றத்தில் சேரும் என்று தெரியாததால் காணாமல் போனவர்கள் வரிசையில் சேர்த்தார்கள். சாரதா ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் வேலையில் இருந்தாள். நாள் முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில், மூச்சைப் பிடியுங்கள், அசையாதீர்கள், சரி விடுங்கள் என்று சொல்கிற வேலை. அழுகிற ஆள் இல்லை. கணவர் ஓடிப்போய்விட்டார் என்று சிலரும், கடத்திவிட்டார்கள் என்று சிலரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். வாரம் ஒருமுறை ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்டேஷனில் காரை நிறுத்தி, அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த மார்ச்சில் ஊரே வீட்டுக்குள் புகுந்துகொண்டது. ரயில்கள் காலியாக வந்து காலியாகப் போயின. சாரதாவுக்கு மட்டும் ஆஸ்பத்திரி இருந்தது. சேனாபதி பெயருக்குக் கோர்ட்டிலிருந்து ஜூரி டியூட்டி அழைப்பு வந்தது. ஆள் ஊரில் இல்லை என்று பதில் போட்டாள்.

அவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கண்டுபிடித்தது மகள் கயல். அப்பா மறைந்தபோது ஏழாவது படித்தவள், இப்போது ஹைஸ்கூலுக்கு வந்து பிரெஞ்சு எடுத்திருந்தாள். ஒருநாள் வகுப்பில் டீச்சர் நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பிரெஞ்சு ஊமைப்படத்தைப் போட்டுக் காட்டினார். பாரிஸில் பழைய படங்களைச் செப்பனிடுகிறவர்கள் அப்போதுதான் இணையத்தில் ஏற்றியிருந்தது. மந்திரவாதி வேஷத்தில் ஒல்லியான ஒரு பெண் வந்து ஒரு பெரிய முட்டையைக் கோலால் தட்டுகிறாள். முட்டை பிளந்து புகை வருகிறது. புகைக்குள்ளிருந்து முதுகில் லேப்டாப் பையும் கழுத்தில் ஆபீஸ் அட்டையுமாக சேனாபதி வெளியே வந்து, இடமும் வலமும் பார்த்து, வேறு வழி தெரியாமல் கும்பிடு போடுகிறார். கயல் கையைத் தூக்கி, "தட்ஸ் மை டாட்" என்றாள். வகுப்பு சிரித்தது. டீச்சர் மட்டும் கயலின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படத்தை நிறுத்தினார்.

அன்று சாயங்காலம் தாயும் மகளும் சோபாவில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மந்திரவாதியாக வந்த அந்தப் பெண்தான் படத்தை எடுத்தவளும். அவள் எடுத்த படங்கள் இன்னும் சில இருந்தன, எல்லாமே மூன்று நான்கு நிமிஷப் படங்கள். அந்தக் காலத்தில் படத்தில் யார் பெயரும் போடுவதில்லை, கம்பெனி முத்திரை மட்டும்தான். கேமராவின் கைப்பிடியைச் சுற்றுவதை நடுவில் நிறுத்தி ஆளை மாற்றி வைத்துவிட்டு மறுபடி சுற்றினால் ஒருவர் இன்னொருவராகிவிடுவார் என்பது, ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை பிடித்தால் ஒரு மனுஷி தன்னோடு தானே கைகுலுக்கலாம் என்பது, ஒரு ஜோடிச் செருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பிடித்தால் அது தானே நடந்து போகும் என்பது எல்லாம் பிரான்ஸில் அவள் கையால்தான் முதலில் நடந்தன என்று செப்பனிட்டவர்கள் எழுதியிருந்தார்கள். பெயர் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். முட்டையிலிருந்து வரும் மனிதர் பாரிஸுக்கு வந்த ஏதோ சர்க்கஸ் கோஷ்டிக்காரராக இருக்கலாம், முதுகில் இருப்பது வித்தைப் பெட்டியாக இருக்கலாம் என்பது அவர்கள் அபிப்பிராயம்.

முதல் படத்தில் திருதிருவென்று விழித்த சேனாபதி இரண்டாவதில் குடையை விரித்தார். மூன்றாவதில் வால் முளைத்த பிசாசுகளோடு கைகோத்து ஆடினார். நான்காவதில் தலையைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, தலை சிரிக்கச் சிரிக்க நடந்து போனார். தலைமுடி தோள்வரை வளர்ந்திருந்தது. அந்தப் படங்களுக்கு, ஃபிலிமின் ஒவ்வொரு சட்டத்திலும், பாரிஸில் பெண்கள் உட்கார்ந்து கையால் வர்ணம் பூசியிருந்தார்கள். சேனாபதி காலையில் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை, பூசியவர்கள் கையில் மஞ்சளாகியிருந்தது. வர்ணம் கோட்டைத் தாண்டி வழிந்து, அவர் நகரும்போதெல்லாம் அவரைச் சுற்றி நடுங்கியது.

"ஹி லுக்ஸ் ஹாப்பி, மா" என்றாள் கயல்.

"தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு." சாரதா எழுந்து போய் அடுப்பில் ஒன்றும் இல்லாமலே கிச்சனில் நின்றுவிட்டு வந்தாள். "இந்த வீட்டுல பதினாலு வருஷத்துல அந்த மனுஷன் ஒரு தடவை ஆடிப் பாத்திருக்கியா நீ? அங்க போய் பேயோட ஆடிட்டிருக்கார். அந்தப் பொம்பளை அவர் தோள்மேல கை போட்டுட்டு நிக்கறா. இவரும் நிக்கறார்."

"இட்ஸ் ஆக்டிங், மா."

"உனக்கு அப்பாவைத் தெரியாது. அவருக்கு ஆக்டிங் வராது."

இரண்டு வாரம் அவள் படங்களைப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் லீவு போட்டுவிட்டு மீதிப் படங்களையும் பார்த்தாள். ஐந்தாவதில் அவர் மீசைக்காரப் போலீஸ்காரர். ஆறாவதுதான் கடைசிப் படம். அதில் பெரிய விருந்து நடக்கிறது, தட்டுகள் தாமே பறக்கின்றன, எல்லோரும் வாயைத் திறந்து பாடுகிறார்கள். நடுவில் சேனாபதி, நடிப்பை மறந்துவிட்டவர் மாதிரி, நேராக இந்தப் பக்கம் பார்த்தார். காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு, கதவைத் தாண்டி யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்பது போல நின்றார். அந்தப் பெண் வந்து அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் புகையாகி மறைந்தார். படம் முடிந்தது. சாரதா அந்த இடத்தை மட்டும் அன்று முழுக்கப் பார்த்தாள். கயல் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள்.

"அவர் வரணும்னு நினைக்கறார்" என்றாள். "வர்றதுக்கு எடம் இல்ல."

அவள் புரிந்துகொண்டது இதுதான். அந்தப் பெண் கைப்பிடியை நிறுத்தும்போது சுற்றியிருக்கும் எல்லோரும் இருந்த நிலையில் அப்படியே உறைந்து நிற்பார்கள். ஆளை மாற்றி வைத்ததும் மறுபடி அசைவார்கள். எப்போதாவது ஒருவருடைய பாவாடை நுனி துள்ளும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான், ஆள் அசைந்தால் படம் கெட்டது. அங்கே எல்லோரும் அசையாமல் நின்றதால் சேனாபதி ஒழுங்காகப் போய் இறங்கினார். இங்கே பிளாட்பாரத்தில் அசையாதீர்கள் என்று யாருக்கும் யாரும் சொல்லவில்லை. ரயில் வந்தது, அத்தனை பேரும் ஏறிப் போய்விட்டார்கள். அவர் நின்ற இடம் மூடிக்கொண்டது. ஒவ்வொரு படத்தின் முடிவிலும் அந்தப் பெண் அவரைப் புகையாக்கி அனுப்பத்தான் பார்த்திருக்கிறாள். திரும்ப இடம் இல்லாமல் அவர் அடுத்த படத்திலேயே போய் விழுந்திருக்கிறார். அன்று நின்ற அத்தனை பேரும் அன்று நின்ற மாதிரியே ஒருமுறை நின்றால் போதும்.

கேட்கச் சுலபமாக இருந்தது. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கூட்டம் திசைக்கொருவராகச் சிதறியிருந்தது. பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். காதில் ஹெட்போனோடு நின்ற பையன் சான் ஹோசேக்குப் போய்விட்டான். மணியன் டெக்ஸாஸில் ஃபிரிஸ்கோவில் புது வீடு வாங்கி, அனுமார் கோயிலுக்குப் பத்து நிமிஷம் டிரைவ் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சாரதா ஒவ்வொருவரையும் தேடிப் பிடிக்க ஒரு வருஷம் ஆனது. யாரும் அவளைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. தங்கள் கண்முன் ஒருவர் மறைந்தபோது ரயிலேறிப் போனோமே என்று ஒவ்வொருவருக்கும் உள்ளே ஏதோ இருந்திருக்க வேண்டும். அன்று நிறைமாதமாக நின்ற ஒரு பெண்ணுக்கு இப்போது மூன்று வயதில் குழந்தை இருந்தது. வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவளே சொன்னாள்.

"டிக்கெட் புக் பண்ணிட்டேன் சாரதா" என்று மணியன் போனில் சொன்னார். "அந்த ஜாக்கெட் இப்ப பத்தல. பட்டன் போடாம நின்னா பரவாயில்லையா?"

"அன்னைக்கும் நீங்க பட்டன் போடலைங்க" என்றாள் சாரதா. கேமராப் படத்தை அவள் அவ்வளவு பார்த்திருந்தாள்.

வர முடியாதவர் ஒருவர்தான். தூணில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த காலகர் என்ற வயதான வக்கீல் முதல் கொரோனா அலையிலேயே போய்விட்டார். அவர் மனைவி அவருடைய மழைக்கோட்டைக் கொடுத்தார். கொடுக்கும்போது காலரைச் சரிசெய்து கொடுத்தார்.

வெயில் அதே சாய்வில் விழ வேண்டும் என்பதால் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை எல்லோரும் கூடினார்கள். சாரதா முந்தின நாளே சாக்பீஸால் ஒவ்வொருவர் பாதத்துக்கும் கோடு போட்டிருந்தாள். காலகர் இடத்தில் ஒரு கோட் ஸ்டாண்டை வைத்து மழைக்கோட்டை மாட்டினார்கள். அவள் படிக்கட்டுப் பக்கம் நின்று, வேலையில் பேசுகிற அதே குரலில், "மூச்சைப் பிடிங்க. அசையாதீங்க" என்றாள். பிறகு அதையே இங்கிலீஷிலும் சொன்னாள். பிளாட்பாரம் நின்றது. புறாக்கள்கூட நின்றன என்று சொல்வார்கள். அப்போது காற்றடித்து மழைக்கோட்டின் கை ஆடிவிட்டது. புகை எழுந்தது. புகை விலகியபோது சாக்பீஸ் கோட்டுக்குள் சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது. சாரதா மூன்று வருஷத்துக்கு முன் வைத்த எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் உள்ளே இருந்தன. தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

அதைப் பார்த்த பிறகு யாரும் அன்றிரவு பிளைட்டுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி வந்து அவரவர் கோட்டில் நின்றார்கள். காலகர் இடத்தில் யாரை நிறுத்துவது என்று தெரியவில்லை. அன்று அங்கே இல்லாதவர் நின்றால் கெட்டுவிடுமோ என்று பயம். மழைக்கோட்டின் கைகளைத் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். சாரதாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் குரல் நடுங்காமல் சொன்னாள். எல்லோரும் உறைந்தார்கள். யாரும் தலையைத் திருப்பக் கூடாது என்பதால், தூணருகில் நடந்ததைச் சாரதாவும் அவள் பக்கத்தில் நின்ற கயலும் மட்டும்தான் பார்த்தார்கள். கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. மழைக்கோட்டுக்குள் ஒல்லியாக ஒரு பெண் நின்றாள். முகம், கை, கூந்தல் எல்லாம் சாம்பல் நிறம், கண்ணின் வெள்ளை மட்டும் வெள்ளை. கையில் பேப்பரை விரித்து, காலகர் நின்ற அதே சாய்வில் தோளைத் தூணில் கொடுத்திருந்தாள். அவளளவுக்கு அசையாமல் நின்ற மனுஷியைச் சாரதா தன் வேலையில் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தப் பெண் கண்ணை மட்டும் உயர்த்திச் சாரதாவைப் பார்த்தாள். எவ்வளவோ தடவை திட்டித் தீர்த்த முகம். சாரதா மெல்லத் தலையசைத்தாள்.

புகை எழுந்தது. சாரதா, "சரி, மூச்சு விடுங்க" என்றாள்.

சேனாபதி நின்றிருந்தார். முடி தோள்வரை இருந்தது. சட்டை மஞ்சளாக இருந்தது. பாரிஸ் பெண்கள் அவர் முகத்துக்குக் கொஞ்சம் ரோஸ் நிறம் பூசியிருந்தார்கள், அது நடுங்கிக்கொண்டு காதுமடலைத் தாண்டி நின்றது. வாயைத் திறந்தவர் தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு கார் ஹாரன் கேட்டதும் பேச்சை விட்டுவிட்டு அதைக் கேட்டார். மணியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தலையணை கட்டிய பெண்ணும் அழுதாள். கயல் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள், கன்னம் மஞ்சளாயிற்று. சாரதா கடைசியாக வந்தாள். "முடி வெட்டணும்" என்றாள்.

தூணருகில் அந்தப் பெண் பேப்பரை மடித்து, மழைக்கோட்டைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வந்தது. திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, கல்யாண வீட்டில் மைக்கைத் தட்டிப் பார்ப்பது போல மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "லெயோனி." இன்னும் கொஞ்சம் பலமாக, "லெயோனி மர்சான்."

"அதுதான் பேராங்க அவங்களுக்கு?" என்றார் சேனாபதி ஆச்சரியமாக. அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. இத்தனை வருஷமும் அவர் மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது. அன்று காலை அவரைக் கோட்டில் நிறுத்திவிட்டு, வர்ணம் பூசும் பெண் ஒருத்தியிடம் கைப்பிடியைக் கொடுத்து, மந்திரவாதித் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனதை மட்டும் பார்த்ததாகச் சொன்னார். கயல் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அவளிடம் பேசினாள். அடுத்த ரயில் எப்போது என்று லெயோனி கேட்டாள். வந்ததும் ஏறினாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் வேகமாக நடந்தாள் என்பதைத் தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டிக்கெட் கேட்டார்களா என்பது பற்றித் தகவல் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்றபோது சாரதா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அங்க சந்தோஷமா இருந்தீங்களா?"

"இருந்தேன்" என்றார் சேனாபதி. பொய் சொல்லத் தெரியாதவர்.

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"அங்க சத்தமே இல்ல சாரதா. ஆட்டம், கூத்து, பட்டாசு எல்லாம் இருக்கு. ஒண்ணும் கேக்காது. நீ காலைல டப்பாவை மூடறப்ப டப்புன்னு ஒரு சத்தம் வரும் பாரு, எந்நேரமும் அதையேதான் நினைச்சுட்டிருப்பேன்."

சிக்னல் விழுந்தது. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. சாரதா உடனே எடுக்கவில்லை.

அதன்பின் நடந்தவை சாதாரணமானவை. மூன்று வருஷம் வராத ஆளை ஆபீஸில் எடுக்கவில்லை. சேனாபதி பக்கத்து ஊர் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தார். பாடம் நடத்தும்போது கொஞ்சம் ஆடுவார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். டிரைவிங் லைசென்ஸுக்குப் படம் எடுத்தபோது அவர் வர்ணம் கோட்டுக்குள் நிற்காததால் நாலு தடவை எடுத்தார்கள், ஐந்தாவதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். வீட்டு சுவிட்சுகள், கதவுப் பிடி, சாரதாவின் தலையணை உறை எல்லாவற்றிலும் மஞ்சள் ஒட்டியது. தேய்த்துப் பார்த்தார்கள், போகவில்லை, விட்டுவிட்டார்கள். கயல் பாரிஸுக்கு எழுதி அந்தப் பெண்ணின் பெயரைத் தெரிவித்தாள். மகிழ்ச்சி, ஆதாரம் இருந்தால் அனுப்பவும் என்று பதில் வந்தது. ஆதாரம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கியது.

அந்த ஞாயிறுகளில் லெயோனி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிறுத்தாமல் பேசுவாள். பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ், அங்கங்கே சாரதாவிடம் பிடித்த தமிழ். நூறு வருஷமாகக் கேட்காமல் போன பேச்சு என்பதால் யாரும் குறுக்கிடுவதில்லை. முதல் இரண்டு முறை சாரதா வார்த்தையை எண்ணித்தான் பேசினாள். மூன்றாவது முறை, அவரோடு அப்படித் தோளில் கை போட்டு நிற்க வேண்டிய அவசியம் என்ன என்று நேராகவே கேட்டாள். கயல் மொழிபெயர்த்தாள். அந்த ஆளுக்குக் கோட்டில் நிற்கத் தெரியாது, தோளைப் பிடிக்காவிட்டால் படச் சட்டத்தை விட்டு வெளியே போய்விடுவார் என்றாள் லெயோனி. சாரதா சிரித்துவிட்டாள். "வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள்.

காபி கொண்டுவந்து கொடுப்பது சேனாபதி. டபராவைக் கைமாற்றும்போது அவர் விரல்பட்ட இடமெல்லாம் லெயோனியின் சாம்பல் விரல்களில் மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். முதல் வருஷம் விரல் நுனிகள் மட்டும்தான். இப்போது மணிக்கட்டு வரை ஏறிவிட்டது. அவளுக்கு அது நன்றாக இருக்கிறது என்று வெஸ்ட் வின்ட்சரில் எல்லோரும் சொல்கிறார்கள். போன தடவை சாரதா ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தாள். லெயோனி அவற்றைப் போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் போகும் வழி முழுவதும் கையைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டே போனாள்.